கல்லில் நார்

நூற்றாண்டு மலரைத் தமிழில் தர வேண்டும், முகவர்களுக்கு.
சொல்லுக்கு ஒன்றேகால் ரூபாய்.
நாற்பத்தெட்டுப் பக்கம், வழவழத் தாள்,
அட்டையில் ஒரு பாலம்.
அது எந்த ஊர்ப் பாலமென்று
மிதுலாவுக்கும் தெரியவில்லை.

துரைப்பாக்கம், பதினான்காவது மாடி.
ஜன்னலுக்குக் கீழே
சதுப்பு நிலம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.
இந்தக் கண்ணாடி எங்களுது மேடம்,
மேலே பலகை எங்களுது,
சுவருக்குள்ளே இருக்கிற பட்டிகூட எங்களுதுதான்
என்று காபியை நீட்டினாள்.

முதல் பக்கங்கள் எளிது.
1924, கெல்டன் சகோதரர்கள்,
கிளாஸ்கோவில் ஒரு சுண்ணாம்புச் சூளை.
மூன்றாம் பக்கம் கப்பல்.
ஐந்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் அவர்களை வாங்குகிறார்,
ஒன்பதில் பிரெஞ்சுக்காரரை ஸ்விஸ்காரர்கள்.
விழுங்கினார்கள் என்று எழுதி
இணைந்தார்கள் என்று திருத்தினேன்.
மீன் விழுங்கும், பாம்பு விழுங்கும்,
கம்பெனி இணையும்.
கெல்டன் போய் வோர்டாலிஸ் வந்தது
தடித்த எழுத்தில்.

பதினெட்டாம் பக்கம் மெட்ராஸ்.
1957, எண்ணூர் சாலையில் ஆலை திறப்பு.
படத்தில் ரிப்பன், கத்தரிக்கோல்,
கோட்டுக்குள் வியர்த்து நிற்கும் நாலு பேர்.
பக்கத்தைப் புரட்டினால் 1998,
ஸ்ரீபெரும்புதூர், ஜிப்சம் பலகை.
நடுவே நாற்பத்தோரு வருஷத்துக்கு
ஒற்றை வாக்கியம்.
அப்படியே தமிழில் வைத்தால்
'பாரம்பரியப் பொருட்கள் தயாரிக்கப்பட்டன' என்று வரும்.
பாரம்பரியம் என்றால்
பட்டா, பஞ்சலோகமா, சம்பா நெல்லா?
கேட்டு மின்னஞ்சல் போட்டேன்.
பொதுவாகப் போட்டுவிடுங்கள் என்று பதில்,
கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

எனக்குத் தெரியும் அது என்ன பொருளென்று.
வியாசர்பாடியில் நான் குடியிருக்கும் மாடி அறைக்கு
அதுதான் கூரை.
மூலையில் நீல மையில் யானைத் தலை,
கீழே கெல் வரைக்கும் இருக்கிறது,
டனை மழை தின்றுவிட்டது.
மே மாதம் அதன் அடியில் படுப்பது
இட்லிப் பானைக்குள் படுப்பது.
வீட்டுக்கார அம்மா அஞ்சலாட்சி.
அவள் புருஷன் துலுக்காணம்
அந்த ஆலையில், அறுப்புப் பிரிவில், இருபத்தாறு வருஷம்.
ஊழியர் விலையில் வாங்கிப் போட்ட கூரை இது.
வேலை விட்டு வந்தால் புருவம்கூட வெளுத்திருக்குமாம்,
மாவு மில்லிலா வேலை என்று தெருவில் கேட்பார்களாம்.
கடைசி ரெண்டு வருஷம்
உட்கார்ந்தபடியே தூங்கினார்.
எக்ஸ்ரே பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது.
கிரகணம் வந்தால்
தெருப் பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போய்
அவர் நெஞ்சு வழியே சூரியனைப் பார்ப்பார்கள்.

கல்லில் நார் உரிக்கிற கதை என்போம்,
கஞ்சனிடம் கடன் கேட்கப் போகிறவனிடம்.
உரித்திருக்கிறார்கள்.
உரித்து, சிமெண்டில் குழைத்து, அலையலையாக வார்த்து,
ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும்
டூரிங் கொட்டகைக்கும்
லாரி லாரியாக அனுப்பியிருக்கிறார்கள்.

கல்நார் என்று எழுதினேன்.
அந்த வாக்கியத்தில் வேறெதையும் தொடவில்லை.

மிதுலா கூப்பிட்டாள். கோபமெல்லாம் இல்லை.
ஆலை மூடியபோது அவள் பிறந்தே இருக்க மாட்டாள்.
எங்க சொற்பட்டியல்ல இந்த வார்த்தை இல்லையே மேடம்.
அகராதியில் இருக்கிறது என்றேன்.
சட்டப் பிரிவு பார்க்கும் என்றாள்.
பார்த்தது.

மலர் வந்துவிட்டது, பணமும்.
ஒரு சொல் இருந்த இடத்தில்
பாரம்பரியப் பொருட்கள், இரண்டு சொல்.
ஒன்றேகால் ரூபாய் கூடுதலாகவே
போட்டிருக்கிறார்கள்.

அஞ்சலாட்சி தாளைத் தடவிப் பார்த்தாள்.
திறப்பு விழாப் படத்தில்
கோட்டுக்காரர்களுக்குப் பின்னால்
மங்கலாய் நிற்கும் தலைகளை
ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள்.
இவரு அப்போ சேரவே இல்லை, எழுபதுலதான் சேர்ந்தாரு
என்று அவளே சொல்லிக்கொண்டாள்.
புத்தகத்தை மூடி அண்ணாந்து பார்த்தாள்,
ஒழுகும் இடத்தை.
உனக்குத்தான் இப்போ அங்கே ஆள் தெரியுமே,
புது ஷீட்டுக்கு
அந்த ஊழியர் விலை
இன்னும் உண்டான்னு கேட்டுச் சொல்லேன்.